மோராவுக்கு ஒரு மறைவு

செப்டம்பர் 6

காலையில் கஞ்சி, பிறகு சத்து மாத்திரை, பிறகு படுக்கை. மதியம் சோறு, பிறகு படுக்கை. மருத்துவச்சி ஒலினா தீர்த்துச் சொல்லிவிட்டாள்: "நீ மாடிப்படி இறங்கினேன்னு கேள்விப்பட்டா, அப்புறம் நான் இந்தத் தெருப்பக்கமே வரமாட்டேன்." இரண்டு தடவை ஆறாம் மாதத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் நான். இந்தத் தடவை அவள் சொல்வதற்கு மறுபேச்சு பேசுவதாக இல்லை.

சாயங்காலம் என் புருஷன் ஜாவோவின் தம்பி வந்தான். கடலோர அம்பன்ஜாவிலிருந்து நாள்கணக்கில் லாரி ஓட்டிவந்த களைப்போடு ஒரு வாழைத்தாரைத் தோளில் போட்டு மாடிக்கே கொண்டுவந்துவிட்டான். தாரைக் கீழே வைத்ததும் சீப்புக்கு நடுவிலிருந்து என் விரல் நீளத்தில் ஒன்று வெளியே வந்தது. பச்சோந்திக் குட்டி. சாம்பல் நிறம். ஒரு கண் என்னைப் பார்த்தது, இன்னொரு கண் பழத்தைப் பார்த்தது.

"எங்க ஊர்க்காரன்!" ஜாவோ போட்ட சத்தம் கீழ்வீடு வரை கேட்டிருக்கும். "டேய், இந்தக் குளிர்ல உனக்கு இங்க என்னடா வேலை?"

தொப்பியைக் கழற்றி அதற்குள் விட்டுக்கொண்டான். கல்யாணமாகி இந்த மலை ஊருக்கு வந்த நாளிலிருந்து என் புருஷன் தன் ஊரைப் பற்றி வாய் திறந்து ஏங்கியதில்லை. இன்று அவன் முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. திருப்பி எடுத்துப் போகிறாயா என்று தம்பியைக் கேட்டேன். "அடுத்த நடை எனக்குத் தெற்கே, அண்ணி. கடல் பக்கம் எப்போ போவேன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம்" என்றான். வெளியே விட்டால் விடிவதற்குள் விறைத்துப் போகும்.

பெயர் வைத்தாயிற்று. மோரா. எங்கள் பேச்சில் மெள்ள என்று அர்த்தம். நான் எழுந்தாலும் உட்கார்ந்தாலும் எல்லாரும் எனக்குச் சொல்கிற வார்த்தை அதுதான். கொஞ்சம் அதுவும் கேட்கட்டும்.

செப்டம்பர் 7

கூடப்பிறந்த நொரோ அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். சந்தையில் பூச்செடி விற்கப் போகும் வழியில் தினமும் எனக்குக் கஞ்சி கொண்டுவருகிறவள். இன்று கஞ்சித் தூக்கு ஒரு கையில், மடக்கிய விரல் இன்னொரு கையில். பச்சோந்தியை நேர்விரலால் சுட்டக் கூடாது என்பது எங்கள் வீட்டு ஃபாடி, வழிவழியாக விலக்கி வைத்த காரியம். அதனால் விரலை மடக்கி முட்டியால் காட்டினாள்.

"அது எப்படி இங்க வந்துச்சு?"

"வாழைத்தார்ல, பெரியக்கா. டிக்கெட் எடுக்காம" என்றான் ஜாவோ.

"விளையாடாதே. பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டுக்கு இது ஆகாது. அதோட கண்ணு அவ மேல படவே கூடாது."

"எங்க ஊர்ல மாமரத்துக்கு நாலு இருக்கும். எங்கம்மா எட்டுப் பெத்தா. நாங்க அதைக் கொல்ல மாட்டோம், அவ்வளவுதான் எங்களுக்கு ஃபாடி."

"கடற்கரைக்காரங்களுக்கு எல்லாமே விளையாட்டுதான்."

ஒரே வீட்டுக்குள் இரண்டு குடும்பத்தின் ஆகாதவை. நடுவில் நான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. கடைசியில் ஒரு உடன்பாடு: அது மாடி வராந்தாவில்தான் இருக்கும், என் படுக்கையறைக்குள் வரக் கூடாது. அக்கா தலையாட்டினாள், மனமில்லாமல்.

செப்டம்பர் 9

ஜாவோ தன் சலூனிலிருந்து பவுடர், சீப்பு வைக்கும் கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிவந்தான். மேலே பலகை போட்டு மூடினால் சூடு தங்குமாம். மாலையில் அதைச் சமையலறையில் கரி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தோம். எவ்வளவு புத்திசாலிகள் நாங்கள் என்று இருவருக்கும் பெருமை.

மோரா கறுத்துப்போயிற்று. உடம்பை உப்பிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்து வாயைப் பிளக்கிறது.

"யார் கூடச் சண்டை போடுது?"

"அவன் கூடத்தான். என் கடைக்கு வர்றவன் எல்லாம் கண்ணாடியைப் பாத்தா பல்லைக் காட்டுவான். இவன் ஒருத்தனுக்குத்தான் தன்னைப் பிடிக்கல."

செப்டம்பர் 10

மாட்டு டாக்டர் சோலோ ஜாவோவிடம் முடி வெட்டிக்கொள்கிறவர். போனில் கேட்டோம். எங்கள் பெருமையெல்லாம் போயிற்று.

"கண்ணாடிக்குள்ளயா? மேல பலகையும் மூடியாச்சா? அதுவும் கரி அடுப்புப் பக்கத்துல? உன்னை அப்படி வெச்சு மூடினா எப்படியிருக்கும் ஜாவோ? காத்து போய் வரணும்பா. வலைக்கூண்டு செய். உசரமா செய். அது மரத்துல ஏறுற ஜாதி." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "எனக்குத் தெரிஞ்சது மாடு. இதைப் பத்திப் படிச்சிட்டு மறுபடி கூப்பிடறேன்" என்றார்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற டாக்டர் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம்.

செப்டம்பர் 13

கூண்டு ஆயிற்று. ஜாவோவின் இடுப்புக்கு மேல் உயரம். யூகலிப்டஸ் சட்டம், நாலு பக்கமும் மேலேயும் கம்பி வலை, முன்னால் கதவு. அடியில் பழைய தொட்டில் வண்டியின் சக்கரங்கள். அந்த வண்டி எதற்காக வாங்கியது என்று இருவரும் பேசவில்லை. சக்கரம் நன்றாக ஓடுகிறது.

வராந்தா கிழக்குப் பார்த்தது. விடிந்து வெயில் வந்ததும் வெளியே தள்ளலாம், வெயில் போனதும் பக்கத்து அறைக்குள் தள்ளி, வெந்நீர் பாட்டில்களைத் துணியில் சுற்றி வலைக்கு வெளியே சாய்த்து வைக்கலாம்.

உள்ளே இரண்டு கொய்யாக் கிளை. செடி ஏதாவது வைக்கலாமா என்று ஜாவோ கேட்டான். நான்தான் வேண்டாம் என்றேன். மறைக்கும். கட்டிலைக் கதவோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு நாளெல்லாம் பார்க்கப்போகிறவள் நான். கூரையைப் பார்த்துப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு அது அசைவதைப் பார்ப்பது எவ்வளவு பெரிய காரியம்!

செப்டம்பர் 14

தண்ணீர் குடிக்கவில்லை. கிண்ணத்தில் வைத்தோம், மூடியில் வைத்தோம், மூக்குக்கு நேராகவே வைத்தோம். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தேங்கி நிற்கிற தண்ணீர் அதற்குத் தண்ணீராகவே தெரியாதாம், சோலோ சொன்னார். சொட்ட வேண்டும், உருள வேண்டும், மின்ன வேண்டும்.

ஜாவோ சலூன் தெளிப்பானை எடுத்துவந்து கிளைமேல் அடித்தான். ஒரு துளி கிளையின் அடியில் திரண்டு தொங்கியது. மோராவின் ஒரு கண் அதன்மேல் நின்றது. பிறகு மற்ற கண்ணும். பிறகு வாய்.

குடித்தது! குடித்துக்கொண்டே இருந்தது. பாவம், எத்தனை நாள் தாகமோ. நான் அழுதுவிட்டேன். ஜாவோ என் தலையிலும் இரண்டு தடவை தெளித்தான்.

செப்டம்பர் 15

ஒலினாவிடம் சொன்னேன். பையைத் துழாவி, பிரிக்காத குளுக்கோஸ் குழாய் ஒன்றைக் கொடுத்தாள். தண்ணீர்ப் பாட்டிலைக் கூண்டுக்கு மேலே கட்டிச் சொட்டுச் சொட்டாக விட்டிருக்கிறோம், கீழே ஒரு வாளி. "என் பேஷண்ட் லிஸ்ட்ல இவனையும் சேத்துக்கறேன். இவன் உன்னைவிட ஒழுங்கா சொன்னபடி கேப்பான்" என்றாள்.

செப்டம்பர் 17

காலையில் குடித்தது. மத்தியானம் தூங்கவில்லை. அது. நான் தூங்கினேன்.

செப்டம்பர் 20

சாப்பாடு: சின்ன வெட்டுக்கிளி, சின்னப் பாச்சை. அதன் இரண்டு கண்ணுக்கும் நடுவில் உள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சி கொடுக்கக் கூடாதாம். அழுகிய வாழைத்தோலை மூலையில் வைத்தால் ஈ தானாக வருகிறது. பாச்சைக்கு முதலில் கேரட், கீரை. தின்று கொழுத்த பூச்சியைத் தின்றால்தான் இதற்குச் சத்து. எலும்புக்காகக் கணவாய் மீனின் கடல்நுரை ஓட்டைப் பொடித்துப் பூச்சிமேல் தூவ வேண்டும். ஜாவோவின் அம்மா கடற்கரையில் பொறுக்கி ஒரு பையே அனுப்பிவிட்டாள்.

"கழுத்துல பவுடர் போட்டு அனுப்பறது என் பரம்பரைத் தொழில்" என்று ஜாவோ டப்பாவில் பாச்சையைப் போட்டுக் குலுக்கினான்.

நாக்கு போய் வந்ததை நான் பார்க்கவே இல்லை. பாச்சை இருந்தது, இல்லை. அவ்வளவுதான்.

செப்டம்பர் 26

அக்கா கூண்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் எனக்குக் கஞ்சி ஊட்டுகிறாள். எனக்குக் கை இருக்கிறது என்று சொன்னாலும் கேட்பதில்லை. சந்தையில் யார் யாரை ஏமாற்றினார்கள், யார் ரோஜாச் செடியில் பொய்ப்பூ கட்டி விற்றார்கள் என்று கதை. கதை முடிவதற்குள் எனக்குக் கண் செருகிவிடுகிறது. எழுந்தால் மதியம். அக்கா போயிருப்பாள், போர்வை என் கழுத்துவரை இழுத்துவிடப்பட்டிருக்கும்.

இப்படி ஒருத்தி எனக்கு அக்காவாக வாய்த்திருக்கிறாள். நேரில் சொன்னால் திட்டுவாள். இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 2

ஆறாம் மாதம் பிறந்துவிட்டது.

அக்டோபர் 4

மோரா பகலில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது. மதியம் நான் எழுந்தபோதும் மூடியிருந்தது, ஜாவோ வந்தபோதும் மூடியிருந்தது. நிறம் சேற்றுப் பழுப்பு.

அக்டோபர் 5

பாச்சைமேல் நாக்கை விட்டது, தவறியது. மறுபடி விடவில்லை. முன்கால் நடுங்குகிறது, கிளையைப் பிடித்த பிடி வழுக்குகிறது. முழங்கையில் ஒரு வளைவு, முன்பு இருந்ததா? இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

வயிற்றில் பிள்ளை காலையிலிருந்து அசைந்ததா? அசைந்தது. அசைந்தது என்றுதான் —

இது போனால் அதுவும் போய்விடுமா?

எழுதக் கூடாது. எழுதிவிட்டேன். அக்கா சொன்னதை நான் நம்பவில்லை என்றுதானே இத்தனை நாள் சிரித்தேன். எனக்குள்ளும் இருந்திருக்கிறது.

அக்டோபர் 6

சோலோ வந்தார். கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"வெயில் படுதா?"

"காலை முழுக்க வராந்தாவுலதான் இருக்கு, டாக்டர்."

"அப்படித் தெரியலையே. நேர்வெயில் பட்டாத்தான் நீங்க போடற பொடி எலும்புல ஏறும். இது வெயிலே பாக்காத குட்டி மாதிரி இருக்கு." பிறகு என் பக்கம் திரும்பினார். "அது சரி, இது எங்க ஒளிஞ்சுக்கும்?"

"ஏன் ஒளியணும்?"

"நாலு பக்கமும் திறந்து வெச்சு, நீங்க நாளெல்லாம் முறைச்சுப் பாத்துக்கிட்டிருக்கீங்க. இதுக்குப் பாக்கறவன் எல்லாம் தின்ன வர்றவன்தான். பயத்துலயே பாதி செத்துரும்."

நான் ஆசையாகத்தான் பார்த்தேன். அதற்கு எப்படித் தெரியும்?

அக்டோபர் 7

இன்று கஞ்சி குடித்துவிட்டுத் தூங்குவதுபோல் படுத்துக்கொண்டேன். காலை முழுக்க வெயிலில் இருக்கிற குட்டி எப்படி வெயில் பார்க்காத குட்டி ஆகும்? அதைப் பார்த்துவிட வேண்டும் என்று.

அக்கா என் போர்வையை இழுத்துவிட்டாள். எழுந்தாள். தன் தோளில் போர்த்தியிருந்த கனத்த துணியை, லாம்பாவை, எடுத்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே பின்னால் நடந்து போய்க் கூண்டின்மேல் போட்டு, நாலு பக்கமும் இழுத்து மூடினாள். ஓரத்தைச் சக்கரத்துக்கு அடியில் செருகினாள். எவ்வளவு பழகிய கை! தினமும் நடந்திருக்கிறது. சந்தையிலிருந்து திரும்பும்போது நான் எழுவதற்கு முன் வந்து எடுத்துப் போயிருக்கிறாள்.

"அக்கா!"

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு.

"அதைக் கொல்றியா நீ? வெயில் இல்லாம, காத்து இல்லாம, என் கண்ணு முன்னாலேயே — என்ன பண்ணுச்சு அது உன்னை?"

"அது உன்னைப் பாக்குதுடி. நீ தூங்கறப்போ அது உன் வயித்தையே பாத்துக்கிட்டிருக்கு."

"பைத்தியமா உனக்கு? உன் மூடநம்பிக்கையெல்லாம் உன்னோட வெச்சுக்கோ. இனிமே இங்க வராதே. கஞ்சியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

சொல்லிவிட்டேன். அப்படியே சொன்னேன்.

அக்கா லாம்பாவை எடுக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்று பேசினாள், சத்தம்கூடப் போடவில்லை. "பல்லு முளைக்காத பிள்ளைக்கு அப்பா இருக்கற குடும்பக் கல்லறையில இடம் இல்லைன்னாங்க. ஈர மண்ணுல, ஓடைக்கரையில வைக்கணும்னாங்க. ரெண்டு தடவையும் யாரு எடுத்துட்டுப் போனான்னு நீ கேக்கவே இல்ல. நான்தான் போனேன். ரெண்டு தடவையும் என் கையாலதான் குழி தோண்டினேன். மூணாவது தடவை என்னால முடியாது சஹோன்ரா. எந்தத் துணியைப் போட்டு எதை மூடணும்னாலும் மூடுவேன்."

போய்விட்டாள். லாம்பா கூண்டின்மேல் கிடந்தது. வெளியே நல்ல குளிர்காற்று, அவள் மேல் ஒன்றுமில்லை.

அக்டோபர் 8

வெயில் படுகிறது. மோரா கண் திறக்கவில்லை. அக்கா வரவில்லை.

அக்டோபர் 9

ஜாவோ கஞ்சி வைத்தான். அடிப்பிடித்துவிட்டது. ஓடைக்கரையையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். யாரோ பெண்கள் போனார்கள் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

அக்டோபர் 10

காலையில் அடிவயிற்றில் இழுத்துப் பிடித்தது. மறுபடி பிடித்தது. ஜாவோ ஒலினாவைக் கூப்பிட ஓடினான். நான் அசையாமல் படுத்திருந்தேன். வராந்தாவில் மோராவும் அசையாமல் இருந்தது. நீ இரு, நானும் இருக்கிறேன் என்று சொன்னேன். வாய்விட்டுச் சொன்னேனா மனதில் சொன்னேனா தெரியவில்லை.

ஒலினா ஊசி போட்டாள், காதுக் குழாயை வயிற்றில் வைத்துக் கேட்டாள், நெடுநேரம் கேட்டாள். "குதிரை மாதிரி ஓடுது இதயம்" என்றாள். எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மத்தியானம் படியில் தடதடவென்று சத்தம். அக்கா. பின்னால் ரிக்‌ஷாக்காரர், இருவர் கையிலும் செடித்தொட்டிகள். என்னைப் பார்க்கவில்லை, கூண்டையும் பார்க்கவில்லை, நடுவில் இருந்த தரையைப் பார்த்தாள்.

"மாட்டு டாக்டர் இன்னிக்கு சந்தைப் பக்கம் வந்தார். அதுக்கு ஒளிய இடம் வேணும்னாராமே."

"ஆமாக்கா."

"யாரும் தன்னைப் பாக்கக் கூடாதுன்னு அதுக்கும் ஒரு ஃபாடி இருக்காமே."

"ஆமா."

"அப்போ அதுக்கும் எனக்கும் ஒரு சண்டையும் இல்ல. அது என்னைப் பாக்க வேணாம், நான் அதைப் பாக்க வேணாம், உன்னை ரெண்டு பேரும் பாக்க வேணாம். துணியில்லாம செடியால மூடினா வெயில் வருமா வராதா?"

வரும் என்று தலையை ஆட்டினேன்.

செம்பருத்தி, மணிபிளான்ட், குடைபோல் இலை விரிக்கும் ஒரு குட்டை மரம். எல்லா இலையையும் ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். மருந்து அடித்த செடி இல்லை, இருந்தாலும் துடைத்தாள். ஜாவோ மோராவைக் கிளையோடு வெளியே எடுத்துப் பிடித்திருக்க, அக்கா தலையைக் கூண்டுக்குள் விட்டுத் தொட்டிகளை அடுக்கினாள். கட்டில் பக்கம் அடர்த்தி, வழிப் பக்கம் அடர்த்தி, கிழக்கே மட்டும் திறப்பு. உச்சியில் வெயில் படுகிற இடத்தில் ஒரு கிளை வெறுமனே. பூச்செடிக்காரிக்கு வெயில் எந்த மணிக்கு எங்கே விழும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிளையை உள்ளே வைத்ததும் மோரா மெள்ள மெள்ள நடந்து இலைக்குள் போயிற்று. பிறகு காணோம்.

"எங்க போனான்?" என்றான் ஜாவோ.

"போனா போறான். அதுக்குத்தான் வெச்சது" என்றாள் அக்கா. பிறகு என் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துவிட்டாள். வராதே என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு? கஞ்சித் தூக்கு இங்கதான இருக்கு, எப்படியும் வந்துதான ஆகணும்" என்றாள். இருவரும் அழுதோம். அழுகைக்கு நடுவில் ஓடைக்கரை எந்த இடம் என்று கேட்டேன். சொன்னாள். பெரிய பாறைக்குக் கீழே, எப்போதும் ஈரமாக இருக்கும், ஒவ்வொரு மழைக்காலமும் போய்ப் பார்த்துவிட்டு வருவாளாம்.

அக்டோபர் 13

காணோம். வாளியில் சேருகிற சொட்டுத் தண்ணீர் மட்டும் குறைகிறது. யாரோ குடிக்கிறார்கள்.

அக்டோபர் 16

உச்சிக்கிளையில்! கண் திறந்திருக்கிறது. உடம்பைத் தட்டையாக்கி ஒரு பக்கத்தை முழுசாக வெயிலுக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறது. நான் இருமினேன். உடனே இலைக்குள். இனி இரும மாட்டேன்.

அக்டோபர் 21

ஒரு பாச்சை. குறி தவறவில்லை.

நாளெல்லாம் பார்க்கக் கிடைத்தபோது இருந்ததைவிட, எப்போதாவது ஒரு வால்நுனி தெரிகிற இப்போதுதான் எனக்குச் சந்தோஷம் அதிகம். கட்டிலில் படுத்து அது எங்கே இருக்கும் என்று தேடுவதில் ஒரு காலை போய்விடுகிறது.

நவம்பர் 3

ஆறாம் மாதம் முடிந்தது. வயிற்றுக்குள் ஒருத்தி (ஜாவோ ஒருத்தி என்கிறான், அக்கா ஒருவன் என்கிறாள்) எட்டி உதைக்கிறாள். ஒலினாவின் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு. நன்றி என்று ஒரு பக்கம் முழுக்க எழுதலாம். எழுதினால் கை வலிக்கும், அதனால் ஒரு தடவை: நன்றி.

நவம்பர் 19

முதல் பெருமழை. கூண்டை மழையோரம் தள்ளி வைத்தோம். இலையெல்லாம் பளபளவென்று கிடக்க, மோரா நடுவில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. முன்கால் கோணல் அப்படியேதான் இருக்கிறது. அது போகாதாம், சோலோ சொன்னார். ஆனால் பிடி உறுதி. ஜாவோவின் விரலை அது பிடித்தபோது அவன் "அம்மாடி!" என்று கத்தினான், பொய்யாக.

டிசம்பர் 8

அக்கா செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவள் அலறிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"சஹோன்ரா! அதுக்குத் தோல் கிழிஞ்சு தொங்குது! தலையில, முதுகுல, எல்லாம் வெள்ளையா!"

"வளருதுக்கா. சட்டை உரிக்குது."

"உரிக்குதா?" மூச்சு வாங்கினாள். "வலிக்காதா?"

"வலிக்காது. ஆமா, நீ அதைப் பாத்தியா?"

"நான் ஏன் பாக்கறேன்? தெரிஞ்சுது."

டிசம்பர் 9

இன்றும் தெரிந்ததாம். முக்கால்வாசி உரித்துவிட்டதாம். ஈரம் இருந்தால் சீக்கிரம் உரியும் என்று யாரோ சந்தையில் சொன்னார்களாம், அதனால் இரண்டு தடவை அதிகம் தெளித்தாளாம். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தெளித்தாளாம்.

ஜனவரி 2

மூச்சு முட்டுகிறது. குனிந்து என் காலைப் பார்த்து நாளாயிற்று. மோரா என் உள்ளங்கையைவிட நீளமாகிவிட்டது. பக்கவாட்டில் நீலமா பச்சையா என்று சொல்ல முடியாத ஒரு கோடு வந்திருக்கிறது. "எங்க ஊர் நிறம்" என்கிறான் ஜாவோ. சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினான். குளிராம். இங்கே கோடையான ஜனவரியில்.

ஜனவரி 24

ஆஸ்பத்திரி. நேற்று மதியம். பெண்.

இருக்கிறாள். மூச்சு விடுகிறாள். பசித்தால் கத்துகிறாள். என் பக்கத்தில்தான் கிடக்கிறாள், எழுதும்போது என் முழங்கை அவள் காலில் இடிக்கிறது.

ஜனவரி 25

பிறந்த பிள்ளையை எங்கள் பக்கம் யாரும் அழகு என்று சொல்லமாட்டோம். சொன்னால் கேட்கக் கூடாத காதில் விழுந்துவிடும், பிள்ளையைக் கொண்டுபோய்விடும். அதனால் நேற்றிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் குனிந்து பார்த்து, அசிங்கம், அசிங்கம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒலினா, "இவ்வளவு அசிங்கத்துக்கா நான் இத்தனை மாசம் படியேறினேன்?" என்றாள். ஜாவோ, "மூக்கு என்னுது, வேற என்ன எதிர்பாக்கறீங்க" என்றான்.

அக்கா மட்டும் நேற்று ஒன்றும் சொல்லவில்லை. கையில் வாங்கினாள், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. இன்றுதான் வாய் வந்தது. மெள்ளத் துணியை விலக்கி, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, "எவ்வளவு அசிங்கம்டி நீ. எவ்வளவு அசிங்கம். இப்படி ஒரு அசிங்கத்தை நான் பாத்ததே இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பக்கத்துக் கட்டில்காரிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜாவோ என்னோடு இங்கேயே இருக்கிறான். மோராவுக்கு யார் தண்ணீர் விடுகிறார்கள் என்று அக்காவிடம் கேட்டேன். "யாரோ விடறாங்க" என்றாள்.

ஜனவரி 29

வீடு. ஜன்னலெல்லாம் அடைத்து, போர்வைமேல் போர்வை போட்டு என்னை வேக வைக்கிறார்கள். பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் ஆகாதாம். சூடான சூப் மூன்றாவது கிண்ணம். பிள்ளை என் நெஞ்சில் தூங்குகிறாள். ஜாவோ கட்டில் காலடியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறான்.

வராந்தாவில் தெளிப்பான் சத்தம் கேட்டது. கதவிடுக்கில் பார்த்தேன். அக்கா கூண்டுக்கு நேராக முகத்தை வைத்துக் குந்தியிருந்தாள். உச்சிக்கிளையில் மோரா, வெயிலுக்குப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு, அந்தக் கோணல் கால், அந்த நீலக்கோடு. இலைக்குள் ஓடவில்லை. அக்காவும் திரும்பிக்கொள்ளவில்லை.

அவள் வலையில் விரலை வைத்து, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல் மெதுவாகச் சொன்னாள்:

"எவ்வளவு அசிங்கம்டா நீ."